சும்மா கிடக்கிற காணி எண்டு ஒண்டும் இல்லை

மாசி மாதத்தில் ஒரு நாள், எங்களில் ஒருவரின் மாமாவினுடைய வயலைப் பார்க்கத் தம்பலகாமத்துப் பக்கம் போயிருந்தோம். உப்புவெளியில் பஸ் ஏறி, இறங்கி, மீதியை நடந்து, கடைசியில் ஒரு சின்னக் குளத்தின் கட்டில் போய் நின்றோம். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்த அலைகரையில் நெல்லைப் போலவே ஒரு புல்லு. கதிர் மெலிசு, ஒவ்வொரு மணிக்கும் நீளமான வால். கை பட்டதும் மணியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து சேற்றில் விழுந்துவிட்டது.

"இது என்ன மாமா?"

"குளநெல்லு. ஆரும் விதைக்கிறதும் இல்ல, ஆரும் அறுக்கிறதும் இல்ல. வயலுக்க வந்தா பிடுங்கி எறிவம்."

திரும்பி வரும்போது தேத்தண்ணிக் கடையில் ஒருவர் அதே பக்கத்தைக் கையால் காட்டிச் சொன்னார்: "அந்தப் பக்கம் முழுக்க சும்மா கிடக்கிற காணிதானே தம்பி. சோலர் போட்டாலும் நாட்டுக்குப் பிரயோசனம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அமைச்சர்கள் முதல் யூடியூப்காரர் வரை எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். இந்தக் கட்டுரை அந்தச் "சும்மா கிடக்கிற காணி" என்ற சொல்லுக்கு எதிரானது.

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு மரபணுவில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். மரபணுவை ஆய்வுகூடத்தில் படிப்பவர்கள் படிக்கட்டும். ஆனால் ஒரு நிலத்துக்கு "சும்மா", "தரிசு", "பற்றைக்காடு" என்று பெயர் வைத்து, அந்தப் பெயரை வைத்தே அதைப் பறிப்பது சொல் சம்பந்தப்பட்ட வேலை. சொல் எங்களுடைய பாடம்.

அந்தப் புல்லு என்ன?

நாங்கள் சாப்பிடும் நெல்லுக்கு உலகத்தில் இருபதுக்கு மேற்பட்ட காட்டுச் சொந்தங்கள் உண்டு. இலங்கையில் மட்டும் ஐந்து: ஒரைசா நிவாரா, ரூஃபிபோகன், ஐக்கிஞ்சரி, கிரானுலாட்டா, ரைசோமேடிஸ். இவ்வளவு சின்னத் தீவில் ஐந்து இனம். கடைசியாகச் சொன்ன ரைசோமேடிஸ் உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளர்வதில்லை. அது தனி இனம் என்று தாவரவியலாளர் டங்கன் வாகன் பெயரிட்டதே 1990இல்தான். உலர் வலயத்துச் செடி. மழை இல்லாத மாதங்களில் மேலே காய்ந்துபோய், மண்ணுக்குள் கிழங்குத்தண்டாக உயிர் பிடித்துக் கிடந்து, மழை கண்டதும் திரும்ப முளைக்கும். அதாவது, கோடையில் அந்த இடத்தைப் பார்த்தால் "சும்மா கிடக்கிற" மாதிரித்தான் இருக்கும்.

நிவாராவின் பெயரைக் கவனியுங்கள். 1965இல் சர்மா, சாஸ்திரி என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். காட்டு நெல்லுக்கு எங்கள் பழைய அகராதிகளிலும் இருக்கிற "நீவாரம்" என்ற சொல்தான் அது. "குளநெல்" என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது. விதைக்காமல் குளத்தில் தானாக விளையும் நெல் என்று அர்த்தம். சொல் எங்களிடம் இருந்தது. நாங்கள்தான் மறந்துபோனோம்.

இந்தப் புல்லால் யாருக்கு என்ன லாபம்? 1970களில் ஆசிய வயல்களில் புல்குட்டை நோய் என்று ஒரு வைரஸ் பரவியது. கபிலத் தத்தி (தமிழ்நாட்டில் புகையான் என்பார்கள்) காவிக்கொண்டு திரியும் நோய். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னிடம் இருந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. நோய்க்கு அசையாமல் நின்றது ஒரேயொரு மாதிரி. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த நிவாரா. வயலுக்குள் வந்தால் பிடுங்கி எறிகிற அதே புல்லு. அதை நெல்லோடு கலந்து, குர்தேவ் குஷ் தலைமையில் புது இனங்கள் வந்தன. அவற்றில் ஒன்றான ஐ.ஆர். 36, 1980களில் ஒரு கோடியே பத்து இலட்சம் ஹெக்டேயர் வரை பயிரிடப்பட்டது. உலகத்தில் எந்த நெல் இனமும் அதற்கு முன் அவ்வளவு பரப்பைக் கண்டதில்லை.

சீனாவின் கதையும் இதுதான். யுவான் லோங்பிங்கின் குழு 1970இல் ஹைனான் தீவில் ஒரு சதுப்பில் கண்டெடுத்த, மகரந்தம் மலடான ஒரு காட்டு நெல்செடியில் இருந்துதான் அந்த நாட்டின் கலப்பின நெல் புறப்பட்டது. அந்தச் சதுப்பை 1969இல் யாராவது "சும்மா கிடக்கு" என்று நிரப்பியிருந்தால்?

"விதை வங்கி இருக்குத்தானே?"

இருக்கிறது. கன்னொறுவையில், ஜப்பான் உதவியோடு 1980களின் இறுதியில் தொடங்கிய தாவர மரபணு வளங்கள் நிலையம். அங்கே வேலை செய்பவர்களை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அந்த நிலையம் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் "வங்கியில் போட்டாச்சு, இனிக் காணியை எடுக்கலாம்" என்ற நியாயத்தைத்தான் ஏற்க முடியாது. ஏன் எண்டு சொல்கிறோம்.

முதலாவது, குளிர் அறையில் வைத்த விதை அது எடுத்த வருடத்திலேயே நின்றுவிடுகிறது. அலைகரையில் நிற்கிற செடி ஒவ்வொரு வெள்ளத்தையும், ஒவ்வொரு வரட்சியையும், புதுப்புதுப் பூச்சியையும் கண்டு மாறிக்கொண்டே போகிறது. எங்களுக்கு 2050இல் தேவைப்படப்போவது 2050வரை வெயில் குடித்த செடி, 1985இல் உறையில் போட்ட செடி அல்ல. இரண்டும் வேண்டும், ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது.

இரண்டாவது, வங்கியே நிறைந்து கிடக்கவில்லை. 81 பயிர்களின் 1,076 காட்டுச் சொந்தங்களை உலகளவில் கணக்கெடுத்து 2016இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, அவற்றில் 313க்கு எந்த விதை வங்கியிலும் ஒரு மாதிரிகூட இல்லை என்று சொன்னது. எங்கள் கிழக்கை யோசித்துப் பாருங்கள். 1983இல் இருந்து 2009வரை எந்தத் தாவரவியலாளர் மூதூருக்கும் வெருகலுக்கும் குச்சவெளிக்கும் உள்ளே காகிதப் பையோடு போய் நிதானமாகப் புல்லுச் சேர்த்திருக்க முடியும்? 2004இல் தொடங்கிய ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் காட்டுச் சொந்தங்கள் செயற்றிட்டத்தில் ஆர்மீனியா, பொலிவியா, மடகாஸ்கர், உஸ்பெகிஸ்தானோடு இலங்கையும் ஒரு நாடு. நெல், பயறு, மிளகு, கறுவா, வாழை எல்லாம் அதில் பார்த்தார்கள். அது நடந்துகொண்டிருந்த 2006இல் சம்பூர்ச் சனம் ஷெல்லுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, வங்கிக்குக் கரண்ட் வேண்டும். 2022 பங்குனியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் இருந்த சர்வதேச விதை வங்கியைப் போர் முடக்கியபோது, வடதுருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டில் வைத்திருந்த தங்கள் விதைப் பெட்டிகளை 2015இல் அவர்கள் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. குளநெல்லுக்கு ஜெனரேட்டர் தேவையில்லை. குளம் மட்டும் போதும்.

புகைக் கணக்கு

இனி முக்கியமான சண்டைக்கு வருவோம்.

நாங்கள் சூரிய மின்சாரத்துக்கு எதிரானவர்கள் இல்லை. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று வருடக்கணக்காகப் பயந்திருந்த மாவட்டம் இது. 2016இல் அது கைவிடப்பட்டபோது சந்தோசப்பட்டவர்களில் எங்கள் வீட்டாரும் இருந்தார்கள். அதே சம்பூரில் 2025 சித்திரையில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. நிலக்கரியைவிட இது ஆயிரம் மடங்கு மேல். 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இருந்து வர வேண்டும் என்ற அரச இலக்கும் சரியானதே.

ஆனால் எங்கே போடுவது, யாருடைய காணியில் போடுவது? முத்துநகர்க் கமக்காரர்கள் 2025இன் பிற்பகுதியில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் நாட்கணக்காக இருந்து போராடினார்கள். தலைமுறையாகச் செய்துவந்த வயலைச் சூரிய மின் கம்பனிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர்களின் முறைப்பாடு. அது துறைமுக அதிகாரசபையின் காணி என்பது அரசின் பதில். உறுதி யாரிடம் என்ற வழக்கைச் சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். நாங்கள் கேட்பது வேறு. வயலும் குளமும் அலைகரையும் ஒரே வெட்டில் தகட்டுக்குக் கீழே போகும்போது, அங்கே என்ன முளைத்தது என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? அந்தத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் காட்டுங்கள்.

காலநிலைக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஐ.நா.வின் காலநிலைக் குழு சொல்கிறபடி, 2019இல் உலகத்தின் மொத்த வெளியேற்றத்தில் 22 வீதம் விவசாயம், காடு, நிலப்பாவனை ஆகியவற்றில் இருந்து வந்தது. எனவே நிலத்தை என்ன செய்கிறோம் என்பது சின்ன விசயம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு நிலத்தை எப்படிப் பார்க்கிறது? மரம் நின்றால் இத்தனை தொன் கரிமம். புல்லு நின்றால் கொஞ்சம். தகடு போட்டால் இத்தனை தொன் மிச்சம். அந்தக் கணக்கில் குளநெல்லுக்கு இலக்கம் கிடையாது. காய்ந்த புல்லு, அவ்வளவுதான். கரிமத்தை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு நூறு ஏக்கர் தேக்கும் நூறு ஏக்கர் உலர்காடும் ஏறக்குறைய ஒன்று.

இதில் முட்டாள்தனம் எங்கே எண்டால், வெளியேற்றத்தைக் குறைக்க உதவக்கூடிய செடியையே வெளியேற்றக் குறைப்பின் பெயரில் அழிக்கிறோம்.

பசளையை எடுங்கள். வயலில் போடும் யூரியாவின் ஒரு பகுதியைப் பயிர் எடுக்கிறது. மிச்சத்தை மண்ணில் உள்ள பக்டீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்ற, அது தண்ணீரோடு ஓடுகிறது அல்லது நைதரசு ஒட்சைட்டாகக் காற்றில் ஏறுகிறது. அந்த வாயு ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில், 270 கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமமான சூட்டைப் பிடித்து வைக்கும். எங்கள் நிலாவெளிக் கரையில் இராவணன் மீசை நிற்பதைப்போல வெளிநாட்டு மணல்மேடுகளில் நிற்கிற ஒரு புல் உண்டு. லேமஸ் ரசிமோசஸ் என்று பெயர், கோதுமைக்குத் தூரத்துச் சொந்தம். அதன் வேர் கசிகிற ஒரு பொருள் அந்தப் பக்டீரியாக்களின் வேலையை மெதுவாக்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர்களும் மெக்ஸிகோவின் கோதுமை நிறுவனமும் சேர்ந்து அந்தப் புல்லின் நிறமூர்த்தத் துண்டு ஒன்றைக் கோதுமைக்குள் கொண்டுவந்து, குறைந்த பசளையில் விளையும் பயிராக்கி 2021இல் அறிவித்தார்கள். மணல்மேட்டுப் புல்லு! அதுவும் "சும்மா கிடக்கிற" மணல்மேட்டில்தானே நின்றிருக்கும்?

அதே 2021இல் எங்கள் நாட்டில் என்ன நடந்தது? ஆராய்ச்சியும் இல்லை, ஆயத்தமும் இல்லை, ஒரே இரவில் இரசாயனப் பசளைத் தடை. கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நைதரசனைப் பற்றி எங்கள் ஜனாதிபதி பெருமையாகப் பேசிவிட்டு வந்த சில வாரங்களில் தடை பின்வாங்கப்பட்டது. பெரும்போகம் போனது போனதுதான். வெளியேற்றத்தைக் குறைப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செடியையும் மண்ணையும் கமக்காரரையும் கேட்டு வருடக்கணக்காகச் செய்வது. மற்றது, வர்த்தமானியில் செய்வது. எங்களுக்கு எப்போதும் இரண்டாவதுதான் கிடைக்கிறது.

மெதேனும் அப்படித்தான். தண்ணீர் நின்ற வயலில் இருந்து மெதேன் வருகிறது, உண்மை. வயலை இடைக்கிடை காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் அதைப் பாதியளவுகூடக் குறைக்கலாம் என்று நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது, அதுவும் உண்மை. ஆனால் தண்ணீர் இறங்கினால் களை ஏறும். 1990களில் அம்பாறைப் பக்கம் பதிவாகி இப்போது நாடு முழுக்கப் பரவிய களைநெல், நின்ற தண்ணீர் இல்லாத வயலைக் கண்டால் துள்ளும். மருந்தடிக்கிற செலவு யாருக்கு? மாமாவுக்கு. கரிமக் கடன்பத்திரம் விற்கிற காசு யாருக்கு? மாமாவுக்கு இல்லை.

எங்கள் பக்கத்துப் பிழை

அடுத்தவனைத் திட்டுவது சுகம். எங்களையும் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழ்ப் பேச்சு அரசியலில் காணி என்றால் ஏக்கர், உறுதி, எல்லைக்கல், கோயில், விகாரை. இவையெல்லாம் முக்கியம். பறிபோன காணிக்காக வருடக்கணக்காகத் தெருவில் இருந்த அம்மாமாரை நாங்கள் கண்டு வளர்ந்தவர்கள், அதைக் கொச்சைப்படுத்த மாட்டோம். ஆனால் காணி கிடைத்த பிறகு அந்தக் காணியில் என்ன இருக்கிறது என்று கேட்பதை யாரும் எங்களுக்குப் பழக்கவில்லை. விடுவித்த காணிக்குள் முதல் போவது பெக்கோதான். அலைகரையை மண்போட்டு ஏற்றிக் கடை கட்டுவதும், உல்லாச விடுதிக்கு உவர்ப்புல்லை வழித்து எடுப்பதும் எங்கள் ஆட்களே. உப்புவெளி என்று ஊருக்குப் பெயர். உப்பு மண்ணில் என்ன முளைக்கிறது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடலுக்கு அந்தப் பக்கம், பிச்சாவரத்து அலையாத்திச் சேற்றில் உப்புத் தண்ணீரிலேயே நிற்கிற ஒரு காட்டு நெல்லை வைத்து உவர் தாங்கும் நெல்லுக்கு ஆராய்ச்சி நடக்கிறது. கடல் ஏறும் காலத்தில் எங்கள் கரையோர வயல்களுக்கும் அதுதான் வேண்டும்.

"மரபு விதை" விற்பனைக்காரரிடமும் ஒரு சொல். மாப்பிள்ளைச் சம்பா, சுவந்தல், பச்சைப்பெருமாள் என்று வடிவான பையில் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிறீர்கள், நாங்களும் ஃபோட்டோ போடுகிறோம். நல்லது. ஆனால் மரபு பையோடு முடிவதில்லை. அந்த நெல்லெல்லாம் எந்தப் புல்லில் இருந்து வந்ததோ அது இன்னும் குளத்தில் நிற்கிறது. அதற்கு விலை இல்லை, அதனால் வக்கீலும் இல்லை.

"வெள்ளைக்காரன் மரபணுவைத் திருடுவான், ஆராய்ச்சியே வேண்டாம்" என்கிற தோழர்களுக்கும் பதில் உண்டு. திருட்டு நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. இப்போது விதைகூடத் தேவையில்லை. மரபணு வரிசையைக் கணினியில் ஏற்றினால் போதும். அப்படி எடுக்கிற கம்பனிகளிடம் பங்கு வாங்க 2025இல் காலி நிதியம் என்று ஒன்றே திறந்திருக்கிறார்கள். (எங்கட காலி இல்லை, கொலம்பியாவின் காலி.) ஆனால் பங்கு கேட்கவும் பொருள் கையில் இருக்க வேண்டும். எங்கள் குளத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாவிட்டால் எதைக் காட்டிப் பங்கு கேட்பது?

கமக்காரரைக் குற்றம் சொல்கிற கூட்டத்தில் நாங்கள் இல்லை. குளநெல் வயலுக்குள் வந்தால் அது களை. அதன் மகரந்தம் வயல் நெல்லோடு கலக்கும். உதிர்கிற மணி பிறந்தால் அறுவடை நட்டம். வயலின் மகரந்தம் அலைகரைக்குப் போனால் காட்டு நெல்லும் தன் குணத்தை இழக்கும். ஆகவே மாமா பிடுங்குவது நியாயம். வயலுக்குள் களை, குளத்துக்குள் சொத்து என்று இரண்டையும் பிரித்து வைத்திருந்தது பழைய குளத்து ஒழுங்கு. மேலே மரக்கூட்டம், நடுவில் தண்ணீர், கட்டுக்குக் கீழே உவரை உறிஞ்சும் செடிகள், பிறகுதான் வயல். ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பே உலர் வலயத்துக் குளத்தொடர்களை உலக விவசாய மரபுரிமையாக ஏற்றிருக்கிறது. அந்த இடைவெளிகளைத்தான் இப்போது "சும்மா கிடக்கிற காணி" என்று கூப்பிடுகிறோம்.

கேட்பது இவ்வளவுதான்

ஒன்று. இந்த மாவட்டத்தில் சூரிய மின்னோ, விடுதியோ, இறால் பண்ணையோ, எதற்காகக் காணி மாற்றினாலும், அதற்கு முன் பயிர்களின் காட்டுச் சொந்தங்களைத் தேடி ஒரு கணக்கெடுப்பு. அதுவும் மழைக்குப் பிறகு, கதிர் வந்த காலத்தில். ஆவணியில் வந்து காய்ந்த தரையைப் பார்த்து "ஒண்டும் இல்லை" என்று எழுத வேண்டாம்.

இரண்டு. தகடு போட முதல் இடம் கூரை. மாவட்டத்தில் உள்ள அரச கட்டடம், பாடசாலை, வைத்தியசாலை, களஞ்சியம் எல்லாவற்றின் கூரையும் நிறைந்த பிறகு வயலைப் பற்றிப் பேசுவோம்.

மூன்று. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக்கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தை ஏழைக் கமக்காரர் கொட்டில் போடும்போது மட்டும் நினைவுக்குக் கொண்டுவராமல், பெரிய கம்பனி மண் கொட்டும்போதும் கொண்டுவர வேண்டும்.

நான்கு. சில குளங்களையாவது காட்டு நெல்லுக்கான இடமாக அந்தந்தக் கமக்காரர் அமைப்பின் கையிலேயே கொடுத்து, காப்பதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். காவல் கமக்காரருடையது, காசு மட்டும் கொழும்புக்கு என்ற வேலை வேண்டாம்.

ஐந்தாவது எங்களுக்கு. இந்தப் பெரும்போகம் முடியும்போது ஆளுக்கொரு குளமாகப் போவோம். படம் எடுப்போம், ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுவோம். குளநெல், நரிப்பயறு, காட்டு வாழை, பெயரே தெரியாதது, எல்லாம். தமிழ்ப் பெயரோ சிங்களப் பெயரோ, எது கிடைத்தாலும் சரி. எங்கள் தாள் இருந்தால், அடுத்த முறை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "அங்க ஒண்டும் இல்லையே" என்று சொல்லும்போது எதிரில் வைக்க ஏதாவது இருக்கும்.

மாமாவிடம் இதையெல்லாம் ஃபோனில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பிள்ளையள், வாங்கோ. ஆனா வயலுக்க நிண்டா நான் பிடுங்கத்தான் செய்வன்" என்றார்.

பிடுங்கட்டும். குளத்தை மட்டும் யாரும் பிடுங்காமல் பார்க்க வேண்டும்.